மன்னுதல்: நிலைபேற்றைச் சொல்லும் ஒரு பழந்தமிழ்ச் சொல்

அழியாமல் என்றும் இருப்பதைச் சொல்ல வேண்டுமானால், இன்று நமக்கு உடனே நினைவுக்கு வருபவை நிரந்தரம், நித்தியம், நிலையானது என்னும் சொற்கள். தற்காலிக ஊழியர்கள் பணி நிரந்தரம் கேட்கிறார்கள். கோயிலில் நித்திய பூசை நடக்கிறது. வங்கியில் குறித்த காலத்துக்குப் போட்டு வைக்கும் பணத்தை நிலையான வைப்பு என்கிறோம். பேச்சு வழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டாலும், பழைய பாடல்களைத் திறந்தால் அடிக்கு அடி எதிர்ப்படும் மற்றொரு சொல்லும் இதே பொருளுக்கு உண்டு. அது 'மன்னுதல்'. இச்சொல்லின் பொருள் என்ன, அது எந்த வேரிலிருந்து கிளைத்தது, அதனோடு ஒட்டி நிற்கும் சொற்கள் எவை என்பவற்றைப் பழந்தமிழ் இலக்கியத்தை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

முதலில் சொல்லின் வடிவத்தைப் பார்த்துவிடலாம். மன்னுதல் ஒரு வினைச்சொல். நிலைத்திருத்தல், நீங்காது தங்குதல் என்பவை அதன் பொருள். மன்னும் என்றால் நிலைத்திருக்கும். மன்னிய என்றால் நிலைபெற்ற. மன்னுக என்றால் நிலைத்து வாழ்க. எதிர்மறையில் இது 'மன்னா' என்று நிற்கும். புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். அரசனை விளித்து 'மன்னா' என்று அழைப்பதும், நிலைத்திராத என்னும் பொருளில் 'மன்னா' என்று வருவதும் எழுத்தில் ஒன்று போலவே இருக்கும். விவிலியத்தில் பாலைவனத்தில் பொழிந்த உணவாகச் சொல்லப்படும் 'மன்னா' எபிரேய மொழியிலிருந்து வந்தது. அதற்கும் இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை. 'மன்னா'வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல் வந்து, அப்பெயருக்கு 'நிலைக்காத' என்னும் அடை பொருந்துமானால், அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று கொள்ளலாம்.

அவ்வாறு வரும் இடங்களுள் மிகச் சிறந்தது புறநானூற்றின் 165ஆம் பாடலின் தொடக்கம்:

மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர்
தம்புகழ் நிறீஇத் தாம்மாய்ந் தனரே

பாடியவர் பெருந்தலைச் சாத்தனார். பாடல் எழுந்த சூழல் கொடியது. வள்ளல் குமணனின் நாட்டைத் தம்பி இளங்குமணன் பறித்துக்கொள்ள, குமணன் காட்டில் இருக்கிறான். அங்கே புலவர் பரிசில் கேட்டுச் செல்கிறார். கொடுக்க ஒன்றும் இல்லாத குமணன், புலவர் வாடிய முகத்தோடு திரும்புவது தான் நாட்டை இழந்ததைவிடத் துன்பமானது என்று எண்ணி, தன் தலையையே பரிசிலாகக் கொள்ளும்படி வாளை எடுத்துக் கொடுக்கிறான். அந்த வாளோடு இளங்குமணன் முன் சென்று நின்ற புலவர் பாடியதே இப்பாட்டு. நிலைத்திராத உலகத்தில் நிலைத்திருக்க எண்ணியவர்கள் தம் புகழை நிறுத்திவிட்டுத் தாங்கள் மாய்ந்து போனார்கள் என்பது முதல் இரண்டு அடிகளின் பொருள்.

ஒரே அடியில் 'மன்னா' என்றும் 'மன்னுதல்' என்றும் எதிரெதிராக வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். உலகம் நிலைக்காது, ஆனாலும் அதற்குள்ளேயே நிலைத்திருக்க விரும்புவோர் உண்டு. அவர்கள் சாகாமல் இருந்துவிடவில்லை. 'தாம் மாய்ந்தனர்' என்று புலவர் ஒளிவு மறைவின்றிச் சொல்கிறார். அவர்கள் விட்டுச் சென்றது புகழ். அதுவும் தானாக நின்றுவிடவில்லை. 'நிறீஇ', அதாவது நிறுத்தி, நாட்டி என்கிறது பாட்டு. அடுத்த அடிகளில், அடைதற்கரிய சிறப்புடைய பெருஞ்செல்வர்களும் இல்லாமையால் இரந்தவர்களுக்குக் கொடுக்காததால், பழம்பெரும் மனிதர்களின் தொடர்ச்சியில் இடம் பெறாமல் போனார்கள் என்று புலவர் சொல்கிறார். ஒருவன் செய்த செயலைப் பின்வருவோர் நினைவில் வைத்திருக்கும் தொடர்ச்சியே இங்கே மன்னுதல் ஆகிறது. என் பார்வையில், இச்சொல்லின் முழுப் பொருளையும் இந்த ஒரு பாட்டை வைத்தே கற்பித்துவிடலாம்.

இலக்கண நூல்கள் 'மன்' என்பதை ஓர் இடைச்சொல்லாகவும் கொள்கின்றன. தொல்காப்பியம் இடையியலில் அதற்கு மூன்று பொருள் கூறுகிறது: கழிவு, ஆக்கம், ஒழியிசை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலில் இப்பட்டியல் விரிகிறது:

மன்னே அசைநிலை ஒழியிசை ஆக்கம்
கழிவு மிகுதி நிலைபேறு ஆகும்

இறுதியில் நிற்கும் 'நிலைபேறு' நமக்கு வேண்டிய பொருள். அதற்கு உரைகள் காட்டும் எடுத்துக்காட்டு, மேலே பார்த்த 'மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர்' என்னும் அடியேதான். மற்றப் பொருள்களையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது படிப்பவருக்கு உதவும். 'கூரியதோர் வாள்மன்' என்றால், வாள் கூரியதாக இருந்தது, ஆனால் இப்போது அப்படியில்லை என்று சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று எஞ்சி நிற்கும், அது ஒழியிசை. 'பண்டு காடுமன், இன்று வயல் ஆயிற்று' என்ற வகையில் ஒன்று வேறொன்றாக வளர்ந்ததைச் சொல்வது ஆக்கம். பொருளே இல்லாமல் அடியை நிரப்ப மட்டும் வருவது அசைநிலை.

கழிவு என்னும் பொருளில் சற்று நின்றுதான் செல்ல வேண்டும். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டு, 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்று தொடங்குகிறது. சிறிதளவு கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான். அந்தக் காலம் போய்விட்டதே என்பது கருத்து. நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று அடுத்து வரும் செய்தியும், அதற்குப் பின் வரும் பலவும் 'மன்னே', 'மன்னே' என்றே முடிகின்றன. இறந்தவனின் சிறப்பை எண்ணி இரங்குவதைத் தொல்காப்பியம், நிலையாமையைப் பாடும் காஞ்சித் திணையில் 'இன்னன் என்று இரங்கிய மன்னை' என்று ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. பின்னாளில் அதை மன்னைக்காஞ்சி என்றார்கள். நிலைத்திருத்தலைக் குறிக்கும் ஓசையே, கழிந்து போனதற்காக இரங்கும் ஓசையாகவும் தமிழில் ஒலித்திருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே சொல்லின் இரு முகங்கள் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. ஒன்று வினை, மற்றது இடைச்சொல். ஆனால் ஔவையாரின் பாட்டைக் கேட்கும் எவருக்கும், போய்விட்டவன் அந்த 'மன்னே'யில் கொஞ்ச நேரம் திரும்ப வந்து நிற்பதாகத் தோன்றாமல் போகாது.

இனி வேருக்கு வருவோம். மன் என்னும் வினைவேர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இதன் உறவுச் சொற்கள் வரிசையாகக் காட்டப்பட்டுள்ளன. தெலுங்கில் 'மனு' என்றால் வாழ்தல். 'மனுகட' என்றால் வாழ்க்கை, பிழைப்பு. நடு இந்தியாவின் கோண்டி, குயி போன்ற மொழிகளில் 'மன்' என்பது வெறுமனே 'இரு' என்னும் அன்றாட வினை. வடக்கே குடுக்கு மொழியிலும், பலூசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகூயி மொழியிலும் இவ்வேர் 'ஆதல்', 'இருத்தல்' என்னும் பொருளில் வழங்குகிறது. ஆக, இந்தக் குடும்பத்தின் பல மொழிகளில் 'இருக்கிறது' என்று சொல்லப் பயன்பட்ட எளிய வேர், தமிழில் 'நீங்காமல் இருக்கிறது' என்னும் அழுத்தத்தைப் பெற்றிருக்கிறது. இருப்பது நீண்டால் அது நிலைப்பது. என்றும் உள்ளதைச் சொல்ல நம் முன்னோர் வீட்டுக்குள் புழங்கிய 'இருத்தல்' என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

'மன்னன்' என்னும் சொல்லும் இங்கே நினைவுக்கு வரும். திருவள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தில் இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறார்:

மன்னர்க்கு மன்னுதல் செங்கோன்மை அஃதின்றேல்
மன்னாவாம் மன்னர்க் கொளி (556)

மன்னர்களுக்குப் புகழ் நிலைத்திருப்பது செங்கோலால். அது இல்லையானால் அவர்களுக்கு அந்த ஒளி நிலைக்காது என்பது பொருள். நான்கு முறை 'மன்' என்னும் ஓசை வந்து விழுகிறது. மன்னன் என்ற பெயரைச் சுமப்பதாலேயே ஒருவன் மன்னிவிடுவதில்லை என்ற எச்சரிக்கையை அந்த ஓசையே சொல்லிவிடுகிறது. புறநானூற்றில் கேட்ட செய்திதான் இது: நிலைபேறு பிறப்பாலோ பதவியாலோ கிடைப்பதன்று, செயலால் வருவது.

மன்னுதலுக்குத் துணையாக நிற்கும் மற்றச் சொற்களும் இதே இயல்பு கொண்டவை. 'நிலை' என்பது 'நில்' என்னும் வினையிலிருந்து வந்தது. நிலையாமை, நிலைபேறு, நிலைத்தல், நிறுத்தல், நிறுவுதல் என்னும் குடும்பம் முழுதும் கால் ஊன்றி நிற்பதிலிருந்து பிறந்தது. 'அல்குதல்' என்றால் தங்குதல். 'அற்கா இயல்பிற்றுச் செல்வம் அதுபெற்றால் அற்குப ஆங்கே செயல்' என்னும் குறளில் (333) வரும் 'அற்கா' என்பது 'அல்கா' என்பதன் திரிபு. தங்காத இயல்புடையது செல்வம், ஆகவே அது கிடைத்த உடனேயே தங்குகின்ற அறங்களைச் செய்துவிட வேண்டும் என்கிறார். மணிமேகலையில் 'இளமையும் நில்லா யாக்கையும் நில்லா வளவிய வான்பெருஞ் செல்வமும் நில்லா' என்று மூன்று முறை 'நில்லா' ஒலிக்கிறது. நிற்பது, தங்குவது, இருப்பது: இவையெல்லாம் ஓர் இடத்தைவிட்டுப் பெயராமல் இருக்கும் செயல்கள். புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் சேரனை வாழ்த்தும்போது, பொற்கோட்டு இமயமும் பொதியமும் போல 'நடுக்கின்றி நிலியரோ' என்கிறார். இத்தனை ஆண்டு என்று எண்ணிச் சொல்லாமல், மலை போல அசையாது நில் என்று வாழ்த்துகிறார்.

காலத்தை அளந்து வாழ்த்தும் வழக்கமும் தமிழில் இருந்தது. பஃறுளி ஆற்று மணலைவிடப் பல நாள் வாழ்க என்று நெட்டிமையார் பாண்டியனை வாழ்த்துகிறார் (புறம் 9). 'பல்லாண்டு பல்லாண்டு பல்லாயிரத்தாண்டு' என்று பெரியாழ்வார் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகிறார். ஊழி என்பது உலகம் ஒருமுறை முடிந்து தொடங்கும் நெடுங்காலம். ஆனால் 'ஊழி பெயரினும் தாம்பெயரார் சான்றாண்மைக் காழி எனப்படுவார்' என்னும் குறளில் (989) காலமும் இடமும் மோதும்போது எது வெல்கிறது என்று பாருங்கள். ஊழிக்காலம் தன் இடம் விட்டு நகர்கிறது, சான்றோர் நகர்வதில்லை. காலத்துக்கே 'பெயர்தல்' என்னும் இடம்விட்டு நகரும் வினையை வள்ளுவர் கொடுத்துவிடுகிறார்.

மற்ற மொழிகள் எல்லாம் இதே வழியில் போகவில்லை. இலத்தீனில் 'ஏவும்' என்றால் ஆயுட்காலம், ஊழிக்காலம். என்றும் உள்ளதைக் குறிக்கும் 'ஏட்டெர்னுஸ்' என்னும் சொல் அதிலிருந்து பிறந்தது. அந்த 'ஏவும்' சமஸ்கிருதத்தின் 'ஆயுஸ்' என்பதற்கு உறவுச்சொல். நாம் 'ஆயுள்' என்று வழங்குவது அந்த ஆயுஸைத்தான். ஓர் உயிரின் வாழ்நாளை எல்லையில்லாமல் நீட்டிப் பார்த்ததில் அங்கே அச்சொல் உண்டாயிற்று. தமிழில் நிலைபேற்றின் சொற்கள் நிற்பதிலும் தங்குவதிலும் வேர் கொண்டிருக்கின்றன.

எதிர்மறையாகச் சொல்லி நிலைபேற்றைக் காட்டுவதும் தமிழில் வளமான ஒரு வழி. பொன்றுதல் என்றால் அழிதல். 'பொன்றாது நிற்பது ஒன்று இல்' என்று புகழைப் பற்றியும் (233), 'பொன்றுங்கால் பொன்றாத் துணை' என்று அறத்தைப் பற்றியும் (36) குறள் பேசுகிறது. குன்றாத வளம், வாடாத மாலை, வற்றாத ஆறு என்று நாம் இன்றும் சொல்கிறோம். இவ்வகையில் எனக்கு மிகவும் பிடித்தது 'நந்தா விளக்கு'. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், கொண்டி மகளிர், அதாவது போரில் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்கள், நீர்த்துறையில் மூழ்கி வந்து 'அந்தி மாட்டிய நந்தா விளக்கு' பொதுவிடத்தில் எரிகிறது. பலர் வந்து தொழுகிறார்கள். நந்துதல் என்றால் கெடுதல், அவிதல். நந்தா என்றால் அவியாத. இதை 'நுந்தா விளக்கு' என்றும் வழங்குவதுண்டு. நுந்துதல் என்றால் திரியைத் தூண்டுதல். ஆகவே தூண்ட வேண்டாத விளக்கு என்று அதற்குப் பொருள் காண்பார்கள். சோழர் கல்வெட்டுகளில் பெரிதும் காணப்படும் வடிவம் 'நொந்தா விளக்கு'.

அந்தக் கல்வெட்டுகள் நம் பொருளுக்கு நேரடியாக உதவுபவை. ஒரு கோயிலில் அணையாத விளக்கு ஒன்று எரிய வேண்டுமானால் அதற்கு நாள்தோறும் நெய் வேண்டும். நெய்க்குப் பால் வேண்டும். பாலுக்குக் கால்நடை வேண்டும். ஆகவே விளக்கு வைப்பவர் கோயிலுக்கு ஒரு மந்தையையே கொடுப்பார். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று கணக்கு வைத்திருந்தார்கள். இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு, அதாவது கால் படி நெய் அளக்க வேண்டும். இவ்வாறு கொடுக்கப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று அழைக்கின்றன: சாகாத, மூப்படையாத பெரிய ஆடுகள்.

ஆடு சாகாமல் இருக்குமா? இருக்காது, கல்லில் வெட்டியவர்களுக்கும் அது தெரியும். தனித்தனி ஆடு கிழடாகும், நோயில் மடியும், ஓநாய்க்கு இரையாகும். ஆனால் மந்தையை ஏற்றுக்கொண்ட இடையர், குட்டிகளை வளர்த்து, இறந்தவற்றின் இடத்தை நிரப்பி, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்குப் பின் அவர் வழியினர் அதைத் தொடர வேண்டும். அப்படிப் பார்த்தால் 96 ஆடுகள் எப்போதும் 96 ஆடுகளாகவே இருக்கும். அவற்றுக்குச் சாவுமில்லை, மூப்புமில்லை. சட்ட மொழியாக எழுதப்பட்ட இந்தத் தொடரில், தத்துவ நூல்கள் பக்கம் பக்கமாக எழுதித் தெளிவிக்க முயலும் ஒரு கருத்து இரண்டு சொற்களில் அடங்கியிருக்கிறது. உறுப்புகள் அழிகின்றன, அவற்றைத் தாங்கும் ஏற்பாடு நிற்கிறது. இந்த ஏற்பாடு எவ்வளவு காலத்துக்கு என்பதற்கும் கல்வெட்டுகளில் ஒரு சொல் உண்டு: 'சந்திராதித்தவல்'. சந்திரனும் ஆதித்தனும், அதாவது நிலவும் ஞாயிறும், உள்ள வரைக்கும் என்பது பொருள். நாள்தோறும் அளக்க வேண்டிய நெய்க்கு 'நிசதம்' என்னும் சொல் வழங்கியது; தினந்தோறும் என்று பொருள். ஆகவே ஒரே கல்லில், 'தினமும் ஓர் உழக்கு' என்னும் மிகச் சிறிய அளவும், 'நிலவும் ஞாயிறும் உள்ளவரை' என்னும் மிகப் பெரிய அளவும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன.

இனி, வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்து நம்மோடு தங்கிவிட்ட சொற்களைப் பார்க்கலாம். சிலவற்றின் அமைப்பு எளிது. அனந்தம் என்பது 'அந்தம்' இல்லாதது, முடிவற்றது. நிரந்தரம் என்பது 'அந்தரம்' இல்லாதது. அந்தரம் என்றால் இங்கே இடைவெளி. ஆகவே நிரந்தரம் என்பதன் அடிப்பொருள் இடைவெளி இல்லாமல் தொடர்வது. சனாதனம் என்பது 'பழங்காலந்தொட்டு' என்று பொருள்படும் 'சனா'வோடு, நூதனம், புராதனம் ஆகியவற்றில் வரும் 'தன' என்னும் விகுதி சேர்ந்தது. அது முன்னோக்கிய காலத்தைக் காட்டிலும் பின்னோக்கிய காலத்தையே முதலில் சுட்டியது. சிரஞ்சீவி என்றால் நெடுங்காலம் வாழ்பவர். 'சிரம்' என்பது நெடுங்காலமே தவிர முடிவில்லாக் காலம் அன்று. திருமண அழைப்பிதழில் மணமகன் பெயருக்கு முன் 'சிரஞ்சீவி' என்று அச்சிடுவது நீண்ட ஆயுளை வாழ்த்துவதற்காகத்தான்.

இவற்றுள் விரிவாகப் பேச வேண்டியது நித்தியம். வேத மொழியில் இச்சொல்லுக்கு முதலில் 'தனக்கே உரிய', 'உள்ளார்ந்த' என்னும் பொருள் இருந்தது. சொந்த மகனையும் இச்சொல்லால் சுட்டினார்கள். தன்னோடு பிறந்தது தன்னைவிட்டு நீங்காது என்பதால், பிறகு அது நீங்காதது, எப்போதும் உள்ளது என்னும் பொருளுக்கு நகர்ந்தது. தமிழில் இச்சொல் இரண்டு வேலை செய்கிறது. 'உலகம் அநித்தியம்' என்னும்போது அது என்றும் உள்ளதைப் பற்றிய பேச்சு. 'நித்தியப்படி', 'நித்திய கண்டம் பூரண ஆயுசு' என்னும்போது அது தினந்தோறும் நடப்பதைப் பற்றிய பேச்சு. நாள்தோறும் கண்டத்தைத் தாண்டித் தாண்டியே ஒருவர் நிறை ஆயுளை எட்டிவிடுகிறார் என்று அந்தப் பழமொழி சொல்கிறது. ஆண்டு முழுதும் பூத்துக்கொண்டே இருக்கும் செடிக்கு நித்தியகல்யாணி என்று பெயரிட்டதிலும் இரண்டு பொருளும் கலந்திருக்கின்றன. எந்த ஒரு பூவும் நிலைக்கவில்லை; பூப்பது நிலைக்கிறது.

மன்னுதலும் நித்தியமும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையில் இருக்கிறது. 'மன்னுயிர் ஓம்பி' என்னும் குறளில் (244) வள்ளுவர் ஏன் 'மன்னுயிர்' என்று சொன்னார் என்பதற்கு, உயிர்கள் எல்லாம் நித்தமாதலால் அவ்வாறு சொன்னார் என்று அவர் காரணம் காட்டுகிறார். பழந்தமிழ்ச் சொல்லைத் தம் காலத்துத் தத்துவச் சொல்லால் விளக்கும் முறை இது. இந்த விளக்கத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருப்பதையும் காண வேண்டும். குமணன் பாட்டில் மன்னுதல் என்பது மனிதர் முயன்று பெறும் நிலை. பரிமேலழகரின் உரையில் அது உயிருக்கு இயல்பாகவே உள்ள தன்மை. இரண்டு காலத்தவரும் ஒரே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். ஆனால் ஒன்றன் பொருளை மற்றதன் மேல் ஏற்றிப் படித்தால் பாட்டு கலங்கிவிடும். தொடக்க நிலையில் இருப்பவர்கள் இதில் குறிப்பாகக் கவனம் கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன்.

நாவுக்கரசர் திருவாரூரில் பாடிய ஒரு திருத்தாண்டகமும் இங்கே பொருந்தும். 'நிலைபெறுமாறு எண்ணுதியேல் நெஞ்சே நீவா, நித்தலும் எம்பிரானுடைய கோயில் புக்கு' என்று தொடங்கி, 'புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டு' என்று செல்கிறது அது. நிலைபெற வேண்டுமென்று எண்ணினால் நெஞ்சே வா. நாள்தோறும் கோயிலுக்குள் புகுந்து, பொழுது விடிவதற்குள் கூட்டி மெழுகு என்கிறார். 'நித்தல்' என்பது நித்தியம் தமிழ் நாவில் பெற்ற வடிவம். தமிழின் 'நிலை'யும் வடமொழி வழி வந்த 'நித்தல்' என்பதும் அடுத்தடுத்த அடிகளில் நின்று, ஒன்று அடைய வேண்டியதையும் மற்றது அதற்கான வழியையும் சொல்கின்றன. கல்வெட்டில் ஆடு வளர்த்த இடையரின் வேலையும், இங்கே துடைப்பம் எடுத்த அடியவரின் வேலையும் ஒரே தன்மையன.

இறுதியாக, பாடல் படிக்கும்போது இச்சொல்லை எப்படி அடையாளம் காண்பது என்பதைச் சில அடிகளை வைத்துப் பழகிப் பார்க்கலாம். குலசேகராழ்வாரின் தாலாட்டு 'மன்னுபுகழ்க் கோசலைதன் மணிவயிறு வாய்த்தவனே' என்று தொடங்குகிறது; இங்கே 'மன்னு' என்பது புகழுக்கு அடையாக நின்று 'நிலைத்த புகழ்' என்று பொருள் தருகிறது. சேந்தனாரின் திருப்பல்லாண்டு 'மன்னுக தில்லை' என்று தொடங்குகிறது. இது வியங்கோள், தில்லை நிலைத்து வாழ்க என்னும் வாழ்த்து. பாரதியார் 'மன்னும் இமயமலை எங்கள் மலையே' என்று பாடும்போது, முடிநாகராயர் சேரனுக்குக் காட்டிய அதே இமயத்தோடு அதே கருத்து இருபதாம் நூற்றாண்டிலும் வந்து சேர்கிறது. ஆனால் 'பண்புடையார்ப் பட்டுண்டு உலகம் அதுஇன்றேல் மண்புக்கு மாய்வது மன்' என்னும் குறளின் (996) இறுதியில் நிற்கும் 'மன்' நிலைத்தலைக் குறிப்பதன்று. பண்புடையவர்கள் இல்லையென்றால் உலகம் மண்ணுக்குள் புகுந்து மாய்ந்து போயிருக்கும் என்பது வரையில்தான் குறள் சொல்கிறது. அவர்கள் இருப்பதால் அது மாயவில்லை என்னும் மிச்சத்தை அந்த 'மன்' சொல்லாமல் சொல்கிறது. இலக்கணத்தில் அது ஒழியிசை.